பெரியம்மாவிடம் கேட்ட பாட்டும் நீங்கள் கட்டிய பாட்டும்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 59 வயது அம்மா ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியது, ஒன்பது பக்கம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அப்புறம் அவரோடு நேராகப் பேசுகிறேன்.

ஏழு வயதில் வரப்பில் உட்கார்ந்து பெரியம்மாவின் நடவுப் பாட்டைக் கேட்டதுதான் இவருக்குத் தொடக்கம். பெரியம்மா எடுத்துக் கொடுப்பார், வயலில் குனிந்து நிற்கும் பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லவும் அந்த வட்டாரத்தில் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்களாம். இவர் எங்கேயும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். பதினெட்டு வருடம் கேட்பதும் வாங்கிப் பாடுவதும்தான். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது, கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. அங்கேதான் இவர் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடக் கற்றார். அங்கே பாடம் எடுத்த ஒருவர் "நடவு மெட்டுல படிப்பப் பத்தி ஒரு பாட்டு கட்டுங்கக்கா" என்று கேட்க, ராத்திரி முழுக்க முழித்திருந்து எட்டுக் கண்ணி (கண்ணி என்றால் பாட்டின் ஒரு பகுதி) கட்டி, மறுநாள் முதல் தடவையாக மைக் முன்னால் நின்று பாடினார். அதிலிருந்து முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டுகிறார், பாடுகிறார். மகள் இரண்டு நோட்டில் 71 பாட்டு எழுதி வைத்திருக்கிறார்.

பிரச்சினை இரண்டு. 2017-ல் ஊர் ஊருணி வற்றிப் போனபோது இவர் ஒரு பாட்டு கட்டினார். மறு வருடம் பள்ளி ஆண்டு விழாவில் அதைப் பாடும்போது பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் செல்போனில் எடுத்தான், அது பரவியது. போன வருடம் ஓர் இசை நிறுவனம் வேறொரு இளம் பாடகியை வைத்து, வாத்தியம் சேர்த்து, அதே பாட்டை வெளியிட்டுவிட்டது. பாடல், மெட்டு இரண்டுக்கும் நேரே "பாரம்பரியம்" என்று போட்டிருக்கிறார்கள். கடைசிக் கண்ணியை எடுத்துவிட்டு இரட்டை அர்த்த வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு மேலே, அம்மா பாடுவதை மகள் யூடியூபில் போட்டபோது, அந்தப் பாட்டு தங்களுடையது என்று அதே நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நின்றிருக்கிறது.

இரண்டாவது, வேறொருவர் முத்திரைத்தாளோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இதுவரை கட்டியது, இனிமேல் கட்டப்போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 40,000 ரூபாய். வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மகளோ 71 பாட்டையும் உடனே அம்மா பெயரில் பதிவு செய்துவிட வேண்டும், ஊருணிப் பாட்டு எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுக்க வைக்க வேண்டும் என்கிறார். இந்த அம்மா கேட்பது வேறு: "பெரியம்மா யாருகிட்டயும் காசு கேக்கல. ஊர்ப்பாட்டக் கேட்டு வளந்தவ நான். இப்ப எம்பாட்டுன்னு சொன்னா அது தப்பில்லையா? நான் உரிமை கேட்டா எங்க ஊருப் பொம்பளைங்க பாட முடியாமப் போயிருமா?"

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்களை உறுத்துவது எதுவோ அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த உறுத்தல் இருக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாரும் கட்டாதது, மண்ணிலிருந்து தானாக முளைத்தது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியையும் எப்போதோ ஒருத்தர் கட்டித்தான் இருப்பார். பெயர் மறந்து போனது, பாட்டு நின்றது, அவ்வளவுதான். காவடிச் சிந்தைப் பாடி ஆடுகிற எத்தனையோ பேருக்கு, 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் என்று தெரியாது. தெரியாததால் அவர் கட்டவில்லை என்று ஆகிவிடுமா? ஒப்பாரி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மெட்டும் சில சொற்றொடர்களும் காலங்காலமாக வருவது, செத்தவரின் பெயர், அவர் செய்த நல்லது, அவர் விட்டுப்போன மாடு கன்று எல்லாம் அந்த இடத்திலேயே ஒருத்தி கட்டுவது. உங்கள் பெரியம்மாவும் கட்டியவர்தான். அவர் காசு கேட்காததற்குக் காரணம், அவர் பாட்டை வைத்து வேறு யாரும் காசு பார்க்கவில்லை. வயலில் எல்லாரும் ஒன்றாகப் பாடினார்கள், ஒன்றாகக் கூலி வாங்கினார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு நிறுவனம் வருமானம் பார்க்கிறது, உங்கள் பெயர் அதில் இல்லை. இரண்டும் ஒன்றாகாது.

அப்புறம், உங்கள் ஊர்ப் பெண்கள். பதிப்புரிமை கிடைத்தால் மற்றவர்கள் வாயைப் பூட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே நிறைய விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. மதச் சடங்குகளிலும் கல்யாணத்திலும் பாடுவது மீறல் ஆகாது. தொழிலாக இல்லாமல் சேர்ந்து பாடுகிறவர்கள், காசு வாங்காமல் கூடியிருப்பவர்கள் முன்னால் பாடுவதும் ஆகாது. அதனால் கும்மி கொட்டுகிற பெண்களும் முளைப்பாரி எடுக்கிற பெண்களும் உங்கள் பாட்டை எப்போதும்போலப் பாடலாம். அதையும் தாண்டி யார் பாடலாம் என்று அனுமதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான், தாராளமாகக் கொடுங்கள். அந்த நிறுவனம் அதையே தன் பாட்டு என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்கள் மகள் போட்ட வீடியோவுக்கு வந்த கோரிக்கையே காட்டிவிட்டது. ஊர்க்காரர்கள் பாட வேண்டும் என்பதற்காகவாவது நீங்கள் உங்கள் பாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு இல்லை, என் கையால் எழுதவும் இல்லை, அப்புறம் எப்படி என் பாட்டு?

இந்தச் சந்தேகம் உங்கள் கடிதத்தில் நாலு இடத்தில் வருகிறது. நம் நாட்டில் பதிப்புரிமை பதிவு செய்வதால் பிறப்பதில்லை. நீங்கள் கட்டிய நிமிடத்தில் அது உங்களுடையது. பதிவு என்பது பின்னால் சண்டை வந்தால் உதவுகிற ஒரு முதல்நிலைச் சாட்சி, அவ்வளவே. மகள் நோட்டில் எழுதினார் என்பதால் பாட்டு மகளுடையது ஆகாது. நீங்கள் சொல்ல அவர் பேனா பிடித்தார். மனசில் வரியைக் கட்டியவர்தான் ஆசிரியர். "நான் பாடுறவதான், கவிஞர் இல்ல" என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சட்டம் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்பதில்லை அம்மா.

மெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இது மனசை அசைத்த விஷயம். நீங்கள் முதல் பாட்டைக் கட்டிய 1991-ல் நம் சட்டப்படி ஒரு மெட்டு எழுத்திலோ சுரக் குறிப்பிலோ இருந்தால்தான் அது இசைப் படைப்பு. வாயால் கட்டி வாயால் கொடுக்கிற உங்களைப் போன்றவர்கள் அந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள். 1994-ல் வந்த திருத்தம் அதை மாற்றியது. இப்போது இசையமைத்தவர் என்றால், குறிப்பு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையைக் கட்டியவர்தான். சுரம் எழுதத் தெரியாதே என்ற கவலையை இன்றோடு விடுங்கள்.

பாட்டின் உரிமை உங்கள் ஆயுள் முழுவதும் இருக்கும், அதற்குப் பிறகு இன்னும் 60 வருடம் வாரிசுகளுக்கு இருக்கும். அது தவிர, பாடியவர் என்ற முறையிலும் உங்களுக்குத் தனி உரிமை உண்டு. ஒவ்வொரு முறை நீங்கள் பாடும்போதும் அந்தக் கச்சேரிக்கு 50 வருடப் பாதுகாப்பு. பெரியம்மாவின் பாட்டைப் பாடினாலும் குரல் உங்களுடையதுதானே.

நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்

இங்கே உங்கள் மகளோடு கொஞ்சம் முரண்படுகிறேன். 71 பாட்டையும் உங்கள் பெயரில் பதிவு செய்வது கூடாது. கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள்: 30 பாட்டு பெரியம்மாவிடமும் மற்ற பெரியவர்களிடமும் கேட்டது, 23 முழுக்க நீங்கள் கட்டியது, மிச்சம் 18 கலந்தது. அந்த முப்பதையும் உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் தெரிந்தே பொய்ப் பதிவு செய்ததாகும். 67-ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த முப்பதில் ஒன்றை எடுத்து, "இதை மூன்று ஊரில் பாடுகிறார்களே, இதுவும் இவர் கட்டியதுதானா?" என்று கேட்டால், உண்மையிலேயே உங்களுடைய ஊருணிப் பாட்டும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும். பெரியம்மாவுடையதைப் பெரியம்மாவுடையது என்று சொல்கிற வாய்தான் உங்களுடையதை உங்களுடையது என்று சொல்லும்போது நம்பப்படும்.

அதனால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக எடுங்கள். கேட்ட பாட்டுக்கு நேரே யாரிடம், எந்த வேலையின்போது, ஏறக்குறைய எந்த வருடம் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். கட்டிய பாட்டுக்கு நேரே எந்த வருடம், என்ன காரணத்துக்காக, முதலில் எங்கே பாடினீர்கள், கூட யார் வாங்கிப் பாடினார்கள் என்று எழுதுங்கள். கலந்த பாட்டில் எந்தக் கண்ணி பழையது, எது உங்களுடையது என்று கோடு போடுங்கள். பழைய மெட்டுக்கு நீங்கள் புது வரி கட்டியிருந்தால் வரி உங்களுடையது, மெட்டு எல்லாருக்கும் பொது. நடவு மெட்டின் மேல் உரிமை கேட்காதீர்கள். கேட்டால் தோற்பீர்கள், தோற்க வேண்டியதும்தான்.

ஊருணிப் பாட்டு இந்த மூன்றில் எங்கே சேரும் என்று யோசித்தேன். நடவு மெட்டில் தொடங்கி, கண்ணி முடிகிற இடத்தில் ஒப்பாரி இழுவைக்கு மாறுகிறது என்று விளக்கியிருக்கிறீர்கள். அந்த இணைப்பு நீங்களே கண்டுபிடித்தது என்றால் அதற்கும் ஓரளவு உரிமை கேட்க இடமுண்டு, ஆனால் அது வாதத்துக்கு உரியது. வரிகளில் எந்த வாதமும் இல்லை. நாலாவது கண்ணியில், ஊருணியில் தண்ணி மொண்ட உங்கள் பெரியம்மாவின் பெயரே வருகிறது! அந்த நிறுவனம் அதை எடுக்காமல் அப்படியே பாட வைத்திருக்கிறது. எந்தப் பாரம்பரியப் பாட்டில் உங்கள் பெரியம்மா பெயர் இருக்கும்? இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும். வற்றிய ஊருணி என்ற விஷயத்தின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. நாளைக்கு வேறொருத்தர் வேறு வரிகளில் ஊருணி பற்றிப் பாடினால் விட்டுவிடுங்கள்.

முழுக்க உங்களுடைய 23-ல் அதிகம் பாடப்படுகிற ஐந்தாறை மட்டும் முதலில் பதிவு செய்யுங்கள். வரிகளை இலக்கியப் படைப்பாகப் பதிய ஒரு பாட்டுக்கு 500 ரூபாய் கட்டணம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். நோட்டை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனியாக எந்தச் சட்ட மதிப்பும் இல்லை, தபால் செலவு வேண்டாம்.

அந்த முத்திரைத்தாள்

கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கு இல்லை, அடுத்த வாரமும் இல்லை. அறிவொளியில் அரிக்கேன் வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து என்று எழுதியிருந்தீர்கள், அது இவ்வளவு மலிவாகப் போகக் கூடாது. 71 பாட்டுக்கு 40,000 என்றால் ஒரு பாட்டுக்கு 563 ரூபாய் சொச்சம். இனிமேல் கட்டப்போகிறதையும் சேர்த்தால் அதுவும் இல்லை. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெரிதாக நினைப்பதில் தப்பில்லை. கையில் வருகிற காசு அது, வீட்டுக் கஷ்டம் அவருக்குத் தெரியும். ஆனால் முத்திரைத்தாளில் இருப்பதால் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி என்று அவர் சொன்னது சரியில்லை. முத்திரைத்தாள் என்றால் அரசுக்குக் கட்டணம் கட்டியாயிற்று என்று மட்டுமே பொருள், உள்ளே எழுதியிருப்பது நியாயமா என்று யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும், எல்லா வடிவங்களிலும்" என்று இருக்கிறது. எந்தெந்தப் பாட்டு என்று பட்டியல் இல்லை. வருகிற வருமானத்தில் பங்கு என்ற பேச்சே இல்லை. சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வருகிற பங்குத் தொகை) என்று இருக்க வேண்டும் என்கிறது. 2012-ல் வந்த திருத்தம் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பைக் கொடுத்தது. ஒலிப்பதிவில் சேர்க்கப்பட்ட பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும், அதை எந்த விதத்தில் பயன்படுத்தினாலும் வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இதை நம்பி, எப்படியும் செல்லாதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

எழுதிக் கொடுத்தால் என் பாட்டை நானே பாட முடியுமா என்று கேட்டீர்கள். பொது மேடையில் பாடும் உரிமையையும் சேர்த்து முழுசாகக் கொடுத்துவிட்டால், கோயில் சடங்கு போன்ற விதிவிலக்குகளைத் தவிர்த்து, அவர்களிடம் கேட்டுத்தான் பாட வேண்டும். நினைத்துப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த மனிதருக்கு உங்கள் பாட்டு உண்மையிலேயே வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஐந்து பாட்டு, ஒலிப்பதிவுக்கு மட்டும் அனுமதி, மூன்று வருடம், உரிமை உங்களிடமே இருக்கும், வேறு யாருக்கும் நீங்கள் அனுமதி கொடுக்கலாம், மேடையில் நீங்கள் பாடுவதற்குத் தடை இல்லை, எங்கே வெளியானாலும் உங்கள் பெயர் வர வேண்டும், முன்பணம் இவ்வளவு, வருமானத்தில் பங்கு இவ்வளவு. அதற்கு அவர் எழுந்து போய்விட்டால் போகட்டும். ஒத்துக்கொண்டால் பத்திரத்தை ஒரு வக்கீல் தமிழில் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

வெளிவந்துவிட்ட ஊருணிப் பாட்டுக்கு என்ன செய்யலாம்

முதலில் என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விழா வீடியோவை நீக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அந்தப் பையன் உங்களுக்கு எதிரி இல்லை. 2018-ல் நீங்கள் அந்தப் பாட்டைப் பாடினீர்கள் என்பதற்கு அவன் செல்போன்தான் சாட்சி. அவனிடம் தன்மையாகப் பேசி மூலக் கோப்பை அப்படியே வாங்கி வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், தேதி விவரம் போய்விடும். நீதிமன்றத்தில் காட்டுவதற்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அவன் ஒத்துழைப்பு வேண்டும். கூடப் பாடிய பெண்களிடமும், விழா நடத்திய ஆசிரியரிடமும் இப்போதே பேசி வையுங்கள். நிறுவனத்தின் பக்கத்தில் "பாரம்பரியம்" என்று போட்டிருப்பதையும், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் தேதியோடு படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், அவர்கள் மாற்றிவிட முடியும். அந்த இளம் பாடகியைத் திட்டி யாரும் எதுவும் எழுத வேண்டாம். கொடுத்த தாளைப் பார்த்துப் பாடிய பிள்ளையாகத்தான் அவர் இருப்பார்.

மகள் போட்ட வீடியோவுக்கு வந்த கோரிக்கையை மறுத்து யூடியூபிலேயே ஆட்சேபம் பதியலாம். கோரிக்கை வைத்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். இதைத் தள்ளிப் போடாதீர்கள். இப்போதே மறுத்தால்தான் பின்னால் "அன்றைக்கு ஏன் சும்மா இருந்தீர்கள்" என்ற கேள்வி வராது.

அடுத்தது நிறுவனத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். கோபத்தில் நீங்களாக எழுதாமல் சாட்சிகளை அடுக்கி வக்கீல் மூலம் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆதாரமில்லாமல் மிரட்டினார்கள் என்று 60-ஆம் பிரிவின்கீழ் அவர்கள் உங்கள்மேல் வழக்குப் போட வழி இருக்கிறது. என்ன கேட்பது? வரிகளுக்கு உங்கள் பெயர், மெட்டுக்குப் பாரம்பரிய நடவு மெட்டு என்ற குறிப்பு, இரட்டை அர்த்த வரியை நீக்குவது, இதுவரை வந்த வருமானத்தின் கணக்கு, அதில் பங்கு, இனி வருவதிலும் பங்கு. இதில் பெயரும் அந்த வரியும் காசைச் சேர்ந்த விஷயமே இல்லை. உரிமையை விற்றுவிட்டவருக்குக்கூட, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் 57-ஆம் பிரிவு தனி உரிமை கொடுக்கிறது. பெரியம்மா பெயர் வருகிற பாட்டில் அப்படி ஒரு வரியைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள், அதைத்தான் இந்தப் பிரிவு தீங்கு என்கிறது.

பேச்சுக்கு வரவில்லை என்றால் வழக்கு. நீங்கள் குடியிருக்கிற இடத்து நீதிமன்ற எல்லையிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. தடை உத்தரவு, நஷ்டஈடு, கணக்குக் கேட்பது எல்லாம் அதில் அடங்கும். மீறல் நடந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். போன வருடம்தான் வெளிவந்தது என்பதால் நேரம் இருக்கிறது, ஆனால் தூங்குகிற அளவுக்கு இல்லை. போலீஸ் புகாருக்கும் சட்டத்தில் இடமுண்டு, தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். முதல் அடியாக அதை எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பேசித் தீரக்கூடியதும் அதற்கப்புறம் தீராது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் சாட்சிகள் வலுவாக இருப்பதால் நோட்டீஸ் கட்டத்திலேயே அவர்கள் பேச வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கக் கூடாது. புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நோட்டு, நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மகளோடு போங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பாடல் எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம் இருக்கிறது. ஊருணிப் பாட்டு பெயர் திருத்தப்பட்டதும் அதில் உறுப்பினராகச் சேருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அது நலத்திட்டங்களுக்கானது, பாட்டின் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டும் வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், புதிதாக ஒன்று பாதி கட்டியிருக்கிறேன், இந்தத் தகராறு முடிகிற வரைக்கும் அதைப் பாடாமல் வைத்திருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முடித்துப் பாடுங்கள். முதல் தடவை வீட்டுத் திண்ணையில் பாடுங்கள், மகளை ஒலிப்பதிவு போடச் சொல்லுங்கள். பாட்டுக்கு முன்னால் உங்கள் பெயர், அன்றைய தேதி, இந்த மெட்டு யாரிடம் கேட்டது, இந்த வரிகளைக் கட்டியது யார் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு அப்புறம் எடுங்கள். மகளை வாங்கிப் பாடச் சொல்லுங்கள்.